மீசைக்காரர் பதினொருவர்

கிரிக்கெட் ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடி, வெளியே மழையும் பெய்துகொண்டிருந்தால், யாராவது ஒருவர் காகிதமும் பென்சிலும் எடுத்து 'சர்வகாலக் கோஷ்டி' ஒன்றைப் பொறுக்கத் தொடங்கிவிடுவார். இந்தியாவுக்கோ மேற்கிந்தியத் தீவுகளுக்கோ இப்படிப் பொறுக்கினால் சண்டை வரும். ஆஸ்திரேலியா என்றால் அந்தச் சுகம் குறைவு. பிராட்மன், ட்ரம்பர், லிண்ட்வால், கில்கிறிஸ்ட், வார்ன் என்று பாதிப் பெயர்கள் பென்சிலைத் தொடும் முன்பே எழுதப்பட்டுவிடுகின்றன. மிச்சமுள்ள இடங்களுக்குத்தான் போட்டி.

ஆனால் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் விளையாட்டு சூடுபிடித்துவிடும். கோஷ்டியில் உள்ள அனைவரும் மீசைக்காரர்களாக இருக்கவேண்டும். மழித்த முகத்தோடு புகழ் பெற்ற மேற்படி ஐவரும் அந்தக் கணமே வெளியே போகிறார்கள். 99.94 என்ற சராசரியை வைத்துக்கொண்டு பிராட்மன் பெவிலியனில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இது வெறும் கேலிக்காகச் சொல்லும் யோசனை அல்ல. ஆஸ்திரேலிய கிரிக்கெட்டின் சரித்திரத்தில் மீசை இரண்டு காலங்களில் மட்டும் செழித்தது. முதலாவது, 1877-ல் டெஸ்ட் பந்தயம் பிறந்தது முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. அப்போது மீசை மரியாதையின் சின்னம். வங்கி குமாஸ்தாவும் வைத்திருப்பான், நீதிபதியும் வைத்திருப்பார். முதல் உலகப் போருக்குப் பிறகு சவரக்கத்தி வென்றது; அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பளிச்சென்ற முகத்தோடுதான் மைதானத்தில் இறங்கினார்கள். 1970-களில் மீசை திரும்பி வந்தபோது அது மரியாதையின் சின்னமாக இல்லை. கிரிக்கெட் போர்டை எதிர்த்து நின்றவர்களின் அடையாளமாக இருந்தது. ஆகவே இந்தக் கோஷ்டியைப் பொறுக்குகிறவர் தாத்தாக்களையும் கலகக்காரர்களையும் ஒரே அறையில் உடை மாற்ற வைக்கவேண்டியிருக்கிறது.

முதல் சிக்கல் விக்கெட் கீப்பர். பழைய காலத்துக்கு ஜாக் பிளாக்ஹாம். புதிய காலத்துக்கு ராட் மார்ஷ். பிளாக்ஹாம் சாமானியர் அல்லர். வேகப் பந்துக்கும் ஸ்டம்புக்கு ஒட்டியே நின்று பிடித்தவர். கீப்பருக்குப் பின்னால் 'லாங் ஸ்டாப்' என்று ஒருவரைக் காவலுக்கு நிறுத்தும் வழக்கம் ஒழிந்ததற்கு அவரும் காரணம். ஆனால் அவருக்கு இருந்தது கருகருவென்ற முழுத் தாடி. தாடிக்குள் மீசையும் இருக்கிறதே என்று வக்கீல் வாதம் செய்யலாம். கடலுக்குள் உப்பு இருக்கிறது என்பதற்காகக் கடலை உப்பு மூட்டை என்று யாரும் சொல்வதில்லை. தாடிக்காரர்களுக்கு என்று தனிக் கோஷ்டி அமையும்போது பிளாக்ஹாம் அதற்குத் தலைமை தாங்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1877-ல் மெல்பர்னில் நடந்த முதல் டெஸ்டில் ஆட வேகப் பந்து வீச்சாளர் ஃபிரெட் ஸ்போஃபோர்த் மறுத்துவிட்டார். தம் பந்துக்குத் தம்முடைய நண்பர் பில்லி முர்டாக்தான் கீப்பராக நிற்கவேண்டும், பிளாக்ஹாம் கூடாது என்பது அவர் பிடிவாதம். இரண்டாவது டெஸ்டில் ஆட வந்தார். பிளாக்ஹாமின் கைத்திறனைக் கண்டதும் பிடிவாதம் தானே தளர்ந்தது. இந்த மீசைக் கோஷ்டியில் ஸ்போஃபோர்த்தும் உண்டு, முர்டாக்கும் உண்டு. ஆனால் கீப்பர் மார்ஷ். பழைய மனிதர் மறுபடி கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடக்கூடாது.

ஸ்போஃபோர்த்தை விட்டுவிட முடியாது. 'பிசாசு' என்று பெயர் வாங்கியவர். கூர்மையான மூக்கு, அதன் கீழே சீராக வெட்டிய மீசை. 1879-ல் டெஸ்ட் பந்தயத்தின் முதல் ஹாட்ரிக் அவருடையது. 1882-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து வெற்றிபெற வெறும் 85 ரன்கள் தேவைப்பட்டது. அதற்கு முன் டபிள்யூ. ஜி. கிரேஸ், ஆட்டம் முடிந்ததென்று எண்ணி எல்லைக் கோட்டை விட்டு நகர்ந்த ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவரை ரன் அவுட் செய்திருந்தார். விதிப்படி சரி, நியாயப்படி சரியா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. அந்தக் கோபத்தோடு ஸ்போஃபோர்த் வீசினார். இங்கிலாந்து 77 ரன்களில் சுருண்டது. பந்தயத்தில் அவர் எடுத்தது 90 ரன்களுக்கு 14 விக்கெட். இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டது, அதன் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது என்று ஒரு பத்திரிகை கேலியாக மரண அறிவிப்பு வெளியிட்டது. 'ஆஷஸ்' என்ற பெயர் பிறந்த கதை அதுதான்.

அந்தப் பந்தயத்தின் காப்டன் முர்டாக். அடர்ந்த மீசை, சிரித்த முகம். 1884-ல் அதே ஓவலில் 211 ரன்கள் எடுத்தார். டெஸ்ட் பந்தயத்தில் முதல் இரட்டைச் சதம் அதுவே. பிற்பாடு இங்கிலாந்தில் குடியேறி, 1892-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்துக்காகவும் ஒரு டெஸ்ட் ஆடினார். கட்சி மாறினார் என்று கழித்துக்கட்ட வேண்டாம். 1911-ல் மெல்பர்னில் ஒரு டெஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. ஐந்தாம் இடம் அவருக்கு.

இப்போது மார்ஷும் லில்லியும். இவர்களைச் சேர்த்தே பேசவேண்டும். டென்னிஸ் லில்லி 70 டெஸ்டுகளில் 355 விக்கெட். ராட் மார்ஷ் 96 டெஸ்டுகளில் ஸ்டம்புக்குப் பின்னால் 355 பேரை வெளியேற்றினார். இருவரும் 1984 ஜனவரியில் சிட்னியில் ஒரே டெஸ்டோடு ஓய்வு பெற்றார்கள். மார்ஷ் பிடிக்க, லில்லி வீசி, ஸ்கோர்ப் புத்தகத்தில் பதிவான விக்கெட்டுகள் 95. ஜாதகம் பார்த்துக் கட்டிவைத்த தம்பதியருக்கும் இத்தனை பொருத்தம் அமைவதில்லை. லில்லியின் நெற்றிப் பட்டையும், ஓட்டத்தில் விறைத்து நிற்கும் கருத்த மீசையும், மார்ஷின் தொப்பிக்குக் கீழே கனத்துத் தொங்கிய மீசையும் அந்தப் பத்தாண்டின் சித்திரங்கள். முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு 1973-ல் ஒழிந்தார் என்று எல்லோரும் எழுதிய லில்லி, 1981 டிசம்பரில் மெல்பர்னில், லான்ஸ் கிப்ஸ் வைத்திருந்த 309 விக்கெட் சாதனையைக் கடந்தார். திறமையைப் பற்றிப் பேச்சே இல்லை.

பேச்சு வேறு இடத்தில். 1981 ஜூலையில் ஹெடிங்லி டெஸ்டில் இங்கிலாந்து ஃபாலோ ஆன் ஆடி, தோல்வியின் விளிம்பில் நின்றது. சூதாட்டக்காரர்கள் இங்கிலாந்தின் வெற்றிக்கு ஒன்றுக்கு 500 தருவதாக அறிவித்தார்கள். இது என்ன அநியாய விலை என்று லில்லி 10 பவுன், மார்ஷ் 5 பவுன், எதிர்க் கோஷ்டி ஜெயிக்கும் என்று பணம் கட்டினார்கள். போத்தம் ஆட்டமிழக்காமல் 149 அடித்தார், வில்லிஸ் 43 ரன்களுக்கு 8 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 18 ரன்களில் ஜெயித்தது. பணம் வந்தது. இருவரும் வேண்டுமென்று தோற்றார்கள் என்று அன்றும் இன்றும் பொறுப்புள்ள எவரும் சொல்லவில்லை. லில்லியே பிறகு தம் புத்தகத்தில் விஷயத்தை மறைக்காமல் எழுதினார். அப்போது அதைத் தடுக்க விதி ஏதும் இல்லை. இன்றைக்கு ஓர் ஆட்டக்காரர் இதையே செய்தால் மறுநாள் அவர் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது.

இதை 'ஒரு தமாஷ்' என்று தள்ளுகிறவர்கள் உண்டு. தமாஷ் என்று ஒப்புக்கொள்ள முடியாது. தன் கோஷ்டி தோற்றால் தனக்கு லாபம் என்ற நிலையில் ஓர் ஆட்டக்காரன் தன்னை வைத்துக்கொள்வதே தவறு. தொகை சிறிது, மனம் சுத்தம் என்பதெல்லாம் பிறகு. 2000-ல் குரோனியே விவகாரம் வெடித்தபோது இந்த நாட்டு ரசிகன் எப்படித் தலை குனிந்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். ஆனால் தராசின் மறு தட்டிலும் ஒன்று இருக்கிறது. அதே 1981-ல், பிப்ரவரி 1-ந் தேதி, நியூசிலாந்து கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் சமமாகும் என்ற நிலையில், காப்டன் கிரெக் சாப்பல் தம் தம்பி டிரெவரைப் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். மைதானத்தில் தலையை அசைத்து, வேண்டாம் என்று சொன்ன ஆஸ்திரேலியர் மார்ஷ். ஐந்தே மாத இடைவெளியில் ஒரே மனிதரிடம் இரண்டும். எனவே தீர்ப்பு இது: இருவருக்கும் கோஷ்டியில் இடம் உண்டு, ஆனால் தலைமை இல்லை, உப தலைமையும் இல்லை. மார்ஷ் வாழ்நாளில் ஒரு டெஸ்டுக்கும் காப்டனாகவில்லை. அவர் 2022 மார்ச்சில் காலமானார்; இந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமையானது என்று அவருடைய நண்பர்கள் சொன்னால் அதையும் மறுப்பதற்கில்லை.

லில்லியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அவர் இந்தியாவில் ஒரு டெஸ்ட் கூட ஆடியதில்லை. 1980-ல் பாகிஸ்தானில் மூன்று டெஸ்டுகளில் 303 ரன்கள் கொடுத்து 3 விக்கெட்தான் எடுத்தார். இந்த உபகண்டத்து மண் அவரை அப்படித் தூக்கி அடித்தது. அதே மனிதர்தான் 1987 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் சென்னைக்கு வந்து, எம்.ஆர்.எஃப். வேகப் பந்துப் பயிற்சிக் கூடத்தில் நம் பையன்களுக்கு ஓடவும் குதிக்கவும் வீசவும் கற்றுக்கொடுத்தார். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர்கான் எல்லோரும் அங்கே போய் வந்தவர்களே. வேகப் பந்து வீச்சாளன் ஆகும் ஆசையோடு வந்த ஒரு மும்பைச் சிறுவனை, நீ பாட்டிங்கைப் பார் என்று திருப்பி அனுப்பியவரும் அவரே. சச்சின் டெண்டுல்கரின் பாட்டிங்கை ரசித்தவர்கள் அந்த மீசைக்கு ஒரு கும்பிடு போடக் கடமைப்பட்டவர்கள்.

காப்டன் பதவிக்கு இயான் சாப்பலைத் தவிர வேறு பெயர் எழவில்லை. 30 டெஸ்டுகளில் தலைமை தாங்கி 15 வெற்றி, 5 தோல்வி. ஒரு தொடரிலும் தோற்றதில்லை. மூன்றாம் இடத்தில் இறங்கி 14 சதங்களோடு 5,345 ரன்கள் எடுத்தார். 1974-75-ல் அவர் மீசையோடு களத்தில் நின்றபோது, மைதானங்கள் நிரம்பி வழிந்தன. வசூல் போர்டுக்குப் போயிற்று, ஆட்டக்காரன் கைக்கு வந்தது சொற்பம். வேறு வேலை பார்த்துக்கொண்டே நாட்டுக்காக ஆடவேண்டிய நிலை. கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்று சாப்பல் கேட்டபோது போர்டில் செல்வாக்கோடு அமர்ந்திருந்தவர் பிராட்மன். கேட்டது கிடைக்கவில்லை. 1977-ல் டெலிவிஷன் முதலாளி கெர்ரி பாக்கர் தனிக் கிரிக்கெட் நடத்த முன்வந்ததும் சாப்பல், லில்லி, மார்ஷ், மாக்ஸ் வாக்கர் என்று மீசைகள் வரிசையாக அந்தப் பக்கம் நடந்தன. பேடியின் இந்தியக் கோஷ்டி அந்த ஆண்டு ஆஸ்திரேலியா சென்றபோது, ஓய்விலிருந்த பாப் சிம்ஸனை 41 வயதில் கூப்பிட்டுக் காப்டனாக்க வேண்டி வந்தது. அப்போது அவர்களைத் துரோகிகள் என்று ஏசியவர்கள் பலர். இன்று கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் ஆட்டக்காரர்களின் மழித்த முகங்களைப் பார்க்கும்போது, அந்தக் கலகத்தின் பலனை யார் அனுபவிக்கிறார்கள் என்பது விளங்கும்.

தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவர் டேவிட் பூன். டாஸ்மேனியாவின் லான்ஸ்டனில் பிறந்தவர். குள்ளமான, பீப்பாய் போன்ற உடல். வாயை மறைக்கும் மீசை. நம்மூர்ச் சந்தையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மண்டிக்காரர் என்றே நினைப்பார்கள். 107 டெஸ்டுகள், 21 சதங்கள், 7,422 ரன்கள். சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பரில் நடந்த 'டை' டெஸ்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே அடித்த 210-ஐச் சொல்வார்கள், அது நியாயமே. ஆனால் அந்த வெயிலில் முதல் நாள் தொடக்கத்தில் இறங்கி 122 அடித்தவர் பூன் என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 75 ரன்கள்; ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. அந்தக் காலத்து வெள்ளைக்கார ஆட்டக்காரர்களில் இந்திய வெயிலோடு ராசியானவர் என்று இவரைத்தான் சொல்லவேண்டும்.

அவருக்கு ஜோடி யார்? இங்கே மனம் சார்லஸ் பானர்மன் பக்கம் சாய்கிறது. சரித்திரத்தின் முதல் டெஸ்டில், கோஷ்டி எடுத்த 245-ல் 165 அவருடையது. விரலில் அடிபட்டு வெளியேறினார். மொத்த ரன்களில் ஒருவரே எடுத்த பங்கு என்ற கணக்கில் அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் அவர் ஆடிய டெஸ்டுகள் மூன்றே மூன்று. ஒரு நாள் கொட்டிய மழையை வைத்து ஊர் ஏரியைக் கணக்கிட முடியாது. ஆகையால் இடது கைக்காரர் ஜோ டார்லிங். 1897-98 தொடரில் மூன்று சதங்கள் அடித்தவர். ஒரே தொடரில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. கிரிக்கெட் பைத்தியத்தைத் தெளிவிக்க அவர் தந்தை அவரைக் கோதுமைப் பண்ணைக்கு அனுப்பிவைத்தார் என்பார்கள். தெளியவில்லை. பிற்பாடு டாஸ்மேனியாவில் பண்ணை வாங்கி அங்கேயே சட்டமன்ற மேலவையிலும் அமர்ந்தார். ஆக, தொடக்க ஜோடி இரண்டும் டாஸ்மேனியாச் சொத்து.

ஆலன் பார்டர் விஷயத்தில் தேர்வுக் குழுவுக்கு மனச்சாட்சி உறுத்தவேண்டும். 156 டெஸ்ட், 11,174 ரன்கள். 1979-ல் சேப்பாக்கத்தில் 162. ஆட்டத்தில் குறையே இல்லை. மீசைதான் வந்து வந்து போனது. அதே குற்றத்துக்காக மிட்செல் ஜான்சன் வெளியே நிற்கிறார். 2013-14 ஆஷஸ் தொடரில் முறுக்கு மீசையோடு வந்து 37 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைக் கதிகலங்க அடித்தவர் ஜான்சன். ஆண்களின் உடல்நலத்துக்காக நவம்பர் மாதத்தில் மீசை வளர்க்கும் இயக்கத்துக்கு என்று வளர்த்தது, விக்கெட் விழ விழ மழிக்க மனம் வரவில்லை. அந்த இயக்கமும் மெல்பர்னில் பிறந்ததுதான். பார்டருக்கு ஒரு நீதி, ஜான்சனுக்கு ஒரு நீதியா என்று கேட்டால், ஆமாம். பார்டரை எடுத்துவிட்டால் நடு வரிசை சரிந்துவிடும். வேகப் பந்து வீச்சாளர்களுக்கோ பஞ்சமில்லை. உலகத்தில் எல்லாத் தேர்வுக் குழுக்களும் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கின்றன.

ஜான்சனின் இடத்தைப் பிடித்தவர் மெர்வ் ஹ்யூஸ். கோவில் வாசல் துவாரபாலகருக்கு நிகரான மீசை அது. ஆளைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. 53 டெஸ்டுகளில் 212 விக்கெட். 1988-ல் பெர்த்தில் மேற்கிந்தியருக்கு எதிராக ஒரு ஹாட்ரிக் எடுத்தார்: ஒரு ஓவரின் கடைசிப் பந்து, அடுத்த ஓவரின் முதல் பந்து, மறு இன்னிங்ஸில் அவருடைய முதல் பந்து. மூன்று ஓவர், இரண்டு இன்னிங்ஸ் என்று சிதறிக் கிடந்ததால் எடுத்தவருக்கே அது ஹாட்ரிக் என்று உடனே தெரியவில்லை. 1993-ல் இங்கிலாந்தில், துணைக்கு வரவேண்டிய மக்டர்மட் நோயுற்று ஊர் திரும்பிய பின், கெட்டுப்போன முழங்காலோடு 31 விக்கெட் எடுத்தார். அந்தத் தொடருக்குப் பிறகு அந்தக் கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சுழல் பந்துக்குத்தான் தட்டுப்பாடு. வார்ன், ஓரைலி, கிரிம்மெட் மூவருமே மீசை இல்லாதவர்கள். நல்லவேளையாக ஹ்யூ ட்ரம்பிள் இருக்கிறார். நெடிய உருவம், நீண்ட மூக்கு, ஆஃப் ஸ்பின். 32 டெஸ்டுகளில் 141 விக்கெட். அவர் ஓய்வு பெற்றபோது உலகிலேயே அதுதான் அதிகம். 1902-ல் ஓவலில் 12 விக்கெட் எடுத்து, மட்டையிலும் 64 ரன்களுக்கு ஆட்டமிழக்காமல் நின்றும், ஒரு விக்கெட்டில் தோற்ற கோஷ்டியில் இருந்தார். ஸ்லிப்பில் நல்ல கையும் உண்டு.

ஆறாம் இடம் ஜார்ஜ் கிஃபனுக்கு. அடிலெய்டில் தபால் இலாகா ஊழியர். டெஸ்டில் 1,000 ரன்களும் 100 விக்கெட்டுகளும் சேர்த்த முதல் மனிதர். காப்டனாக இருந்தபோது பந்து வீச்சாளரை மாற்றுவது என்றால், தாமே இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதுதான் என்று அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. சாப்பல் தலைமையில் அந்தப் பாச்சா பலிக்காது.

மாக்ஸ் வாக்கர், சிட் கிரகரி, சார்லி டர்னர் மூவருக்கும் இடமில்லை. அதிலும் வாக்கர் விடுபடுவது வருத்தமே. லில்லி முதுகு முறிந்து கிடந்த 1973-ல், மேற்கிந்தியத் தீவுகளில் கால்கள் பின்னிக்கொள்ளும் தம் விசித்திர ஓட்டத்தோடு 26 விக்கெட் எடுத்துக் கோஷ்டியைத் தாங்கியவர் அவர்.

ஆக, ஆட்ட வரிசை: பூன், டார்லிங், இயான் சாப்பல், பார்டர், முர்டாக், கிஃபன், மார்ஷ், ட்ரம்பிள், ஹ்யூஸ், லில்லி, ஸ்போஃபோர்த். பன்னிரண்டாவது ஆள் ஜான்சன். உப காப்டன் முர்டாக். அவர் அருகில் இருந்தால் ஸ்போஃபோர்த்தும் சமாதானமாக இருப்பார். புதுப் பந்தை லில்லிக்குக் கொடுப்பதா, ஸ்போஃபோர்த்துக்குக் கொடுப்பதா என்பதைச் சாப்பல் பார்த்துக்கொள்ளட்டும்.